இரண்டு தண்ணீரில் வளர்ந்த மீன்

அக்டோபர் பிறந்தால் ஜப்பானின் நீகாட்டா மாநிலத்து மலைக்கிராமங்களில் மீன் குளங்களின் மதகைத் திறந்துவிடுகிறார்கள். கோடை முழுக்கக் கலங்கிக் கிடந்த பழுப்புத் தண்ணீர் மெல்ல வடிகிறது. ரப்பர் உடுப்போடு முழங்கால் சேற்றில் இறங்கியவர்கள் வலையை அரைவட்டமாக இழுத்து வருகிறார்கள். வலை சுருங்கச் சுருங்க, சேற்று நிறத்துக்கு நடுவே சிவப்பும் வெள்ளையும் கறுப்பும் மேலெழும். பெரிய மீன்களை ஒவ்வொன்றாக, தண்ணீரோடு சேர்த்தே அள்ளி, வண்டித் தொட்டியில் ஏற்றி, கொட்டகைக்குள் இருக்கும் சிமென்ட் குளத்துக்குக் கொண்டுபோகிறார்கள். பனி உருகிக் கோடை தொடங்கும்போது இதே மீன்கள் எதிர்த்திசையில் பயணம் போகும். வண்ணக் கோய் கெண்டையின் வரலாற்றை எழுதியவர்களில் பலர் இந்த இடமாற்றத்தை வெறும் பண்ணை வேலையாக எண்ணிக் கடந்துவிடுகிறார்கள். எந்த ஆண்டில் எந்த நிறம் வந்தது, எந்த ஊர்க்காரர் அதை நிலைக்கச் செய்தார், எந்த மீன் எவ்வளவுக்கு விலைபோனது என்பதுதான் அவர்கள் சொல்லும் கதை. அந்தக் கதையில் பொய்யில்லை, ஆனால் முக்கியமான ஒன்று விடுபட்டுப்போகிறது. கோயின் உடல்நலம் பற்றி இன்று நமக்குத் தெரிந்ததில் பெரும்பகுதி, சேற்றுக் குளத்துக்கும் வீட்டுக் குளத்துக்கும் இடையே நடந்த இந்தப் போக்குவரத்தில் கற்றது. அந்தத் தொழிலைப் பிடித்த பெரிய நோய்களும் மீன் தண்ணீர் மாறும் அந்த வாசலில்தான் வந்து நின்றன.

முதலில் அந்த இடத்தைப் பார்க்க வேண்டும். இன்று நாகவோகா நகரோடு சேர்ந்துவிட்ட யமகோஷி, பக்கத்து ஓஜியா, அவற்றைச் சுற்றிய சிற்றூர்கள் எல்லாம் முன்பு இருபது கிராமம் என்று ஒரே பெயரில் வழங்கின. ஜப்பான் கடலைத் தாண்டி வரும் குளிர்காற்று தன் ஈரத்தையெல்லாம் இந்த மலைகளில் கொட்டுகிறது. குளிர்காலத்தில் மூன்று நான்கு மீட்டர் உயரத்துக்குப் பனி ஏறிவிடும். மண்ணும் உறுதியற்றது, நிலச்சரிவு அங்கே புதிய சங்கதி இல்லை. சமவெளி இல்லாததால் சரிவை வெட்டி அடுக்கு வயல் ஆக்கினார்கள். ஆறு பள்ளத்தில் ஓடுகிறது, வயல் மேட்டில் கிடக்கிறது. ஆகவே பனி உருகிய நீரையும் ஊற்று நீரையும் மேட்டிலேயே தேக்கிவைக்கக் குட்டைகள் வெட்ட வேண்டியிருந்தது. அந்தக் குட்டைகளில்தான் கறுத்த சாதா கெண்டையை விட்டு வளர்த்தார்கள். வழியெல்லாம் பனி மூடிய மாதங்களில் கடல் மீன் மலையேறி வராது. சோற்றுக்குத் துணையாக மாமிசம் வேண்டுமென்றால் அந்தக் கெண்டைதான். அழகுக்காக யாரும் மீன் வளர்க்கவில்லை. 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், 1804க்கும் 1830க்கும் இடைப்பட்ட காலத்தில், கறுத்த மீன்களுக்கு நடுவே சிவப்போ வெள்ளையோ படிந்த சில மீன்கள் கண்ணில் பட்டன. அவற்றை உலைக்கு அனுப்பாமல் ஒதுக்கி வைத்துக்கொண்டார்கள்.

வண்ணக் கெண்டை சீனத்தில் அதற்கு வெகுகாலம் முன்பே உண்டே, ஜப்பானின் பழைய நூலான நிகோன் ஷோகியிலேயே குளத்துக் கெண்டையைப் பார்த்து மகிழ்ந்த அரசனின் கதை வருகிறதே, இந்த மலைக்காரர்களுக்கு ஏன் இவ்வளவு பெருமை என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். கெண்டையில் நிறம் பிறழ்வது எங்கும் நடக்கக்கூடியது. எந்த நாட்டுக் குளத்திலும் எப்போதாவது ஒரு குஞ்சு வெளுத்துப் பிறக்கும். ஆனால் அப்படிப் பிறந்தது ஒரு வம்சமாக நிலைக்க வேண்டுமென்றால் அந்த ஒரு மீன் இனப்பெருக்க வயது வரை உயிரோடு இருக்க வேண்டும், அதன் பிள்ளைகளும் அப்படியே இருக்க வேண்டும், இது தலைமுறை தலைமுறையாக அறுபடாமல் நடக்க வேண்டும். அரண்மனைக் குளத்தில் ஒரு மீன் செத்தால் வேறொன்று வாங்கி விடுவார்கள். மாற்று மீன் கிடைக்காத இடத்தில், ஐந்து மாதப் பனியைத் தாண்டித் தாய்மீனைக் காப்பாற்றித் தீர வேண்டிய கட்டாயம் இருந்த இடத்தில்தான் வம்சம் உருவானது. நிறம் தானாக வந்தது. அதைக் காப்பாற்றியது குளிர்காலம் கற்றுக்கொடுத்த வேலை.

அந்த வேலை என்ன? பனி விழுமுன் மீன்களைக் குட்டையிலிருந்து பிடித்து, வீட்டை ஒட்டியோ வீட்டுக்குள்ளேயோ வெட்டிய சிறிய குளத்துக்கு மாற்றுவது. நோக்கம் அடுப்படிதான், வேண்டும்போது கைக்கு எட்ட வேண்டும். ஆனால் விளைவு வேறாக இருந்தது. சேற்றுக் குளத்தில் இருக்கும் மீனை யாராலும் பார்க்க முடியாது. தண்ணீர் கலங்கல், குளம் அகலம், மீன் ஆழத்தில். வீட்டுக் குளமோ தெளிந்த ஊற்று நீர், நாலெட்டு அகலம். வெளிவேலை எதுவும் இல்லாத மாதங்களில், குடும்பம் முழுக்க அதைத் தாண்டித்தான் நடமாட வேண்டும். மீனின் நடத்தையைப் பார்த்து அதன் உடம்பைக் கணிக்கும் வழக்கம் இந்த நெருக்கத்தில்தான் வளர்ந்திருக்க முடியும் என்று நான் நினைக்கிறேன். சேற்றுக் குளத்தை மட்டும் வைத்திருந்தவருக்கு மீன் செத்து மிதந்த பிறகுதான் செய்தி தெரியும்.

இன்று கோய் வளர்ப்பவர்கள் புதியவருக்குச் சொல்லிக்கொடுக்கும் முதல் பாடமும் இதுதான். நலமான கெண்டை கூட்டத்தோடு நடுநீரில் அவசரமில்லாமல் திரியும். துடுப்புகள் விரிந்திருக்கும், இரண்டு செவுள்மூடிகளும் ஒரே சீராக அசையும். தண்ணீர் விழும் இடத்தில் எல்லா மீனும் கூடி நின்று மேல்மட்டத்தில் வாயைத் திறந்து மூடினால் நீரில் ஆக்சிஜன் போதவில்லை. பத்துப் பாகை குளிர்ந்த நீரில் லிட்டருக்குச் சுமார் 11 மில்லிகிராம் ஆக்சிஜன் கரையும், முப்பது பாகையில் ஏழரைதான் கரையும். சூடு ஏறும்போது மீனுக்குத் தேவை கூடுகிறது, தண்ணீரில் இருப்போ குறைகிறது. குளத்தின் தரையிலோ சுவரிலோ விலாவைச் சடாரென்று உரசிவிட்டு ஓடினால் தோலிலோ செவுளிலோ ஒட்டுண்ணி இருக்கலாம், அல்லது தண்ணீரே எரிச்சல் தரலாம். மார்புத் துடுப்பை உடம்போடு ஒட்டிக்கொண்டு ஒன்று மட்டும் மூலையில் நின்றால் அந்த மீனுக்கு நோய். எல்லாம் ஒரே நேரத்தில் தவித்தால் மீனை விட்டுவிட்டுத் தண்ணீரைச் சோதிக்க வேண்டும். இந்தக் கடைசி விதி எளியதாகத் தெரியும். ஆனால் அனுபவமில்லாதவர்கள் குளத்தில் மருந்தைக் கொட்டி மீனைக் கொல்வது பெரும்பாலும் இதை மறப்பதால்தான். குளிரில் தீனி போடாத வழக்கமும் இப்படிக் கண்ணால் கண்டு வந்ததே. கெண்டைக்கு இரைப்பை கிடையாது, நீண்ட குடல்தான். நீர் பத்துப் பாகைக்குக் கீழே போனால் செரிமானம் ஏறத்தாழ நின்றுவிடும். தின்றது உள்ளே கெடும், தின்னாதது வெளியே தண்ணீரைக் கெடுக்கும்.

நடத்தை என்றவுடன் சிலர் கோய் தன் எசமானரை அடையாளம் காணும், கைதட்டினால் ஓடிவரும் என்று நெகிழத் தொடங்கிவிடுவார்கள். ஓடிவருவது உண்மை. கெண்டை இனத்துக்கு நீந்துபையையும் உட்காதையையும் இணைக்கும் சிற்றெலும்புகள் இருப்பதால் காது கூர்மையானது. ஆவா சேஸ் என்ற அமெரிக்க ஆய்வாளர், கோய் மீன்களைப் பழக்கி, புளூஸ் இசையையும் ஐரோப்பியச் செவ்வியல் இசையையும் அவை பிரித்தறிவதாக 2001இல் ஆய்வுக்கட்டுரை எழுதினார். ஆனால் கைதட்டலுக்கு வருவது பசியும் பழக்கமும், பாசத்துக்குச் சான்று ஆகாது. வளர்ப்பவருக்கு அதில் பயன் வேறொன்று: நேற்று வரை முதலில் வந்த மீன் இன்று பின்தங்கினால், அது நோயின் முதல் அறிகுறியாக இருக்கலாம்.

இனி, நிறத்தின் வரலாற்றை முன்வைப்பவர்களின் வலுவான மறுப்புக்கு வருவோம். தொழிலை நடத்தியது பணம், பணத்தைக் கொண்டுவந்தது நிறம், தண்ணீரைப் பார்த்து யார் விலை கொடுத்தார்கள் என்பது அவர்கள் கேள்வி. ஆண்டுகள் அவர்கள் பக்கம் இருப்பதுபோலவே தோன்றும். 1875 வாக்கிலேயே வண்ண மீன் விலை ஏறி, இது சூதாட்ட வியாபாரம் என்று மாநில நிர்வாகம் வளர்ப்பைத் தடைசெய்தது. ஊர்க்காரர்கள் மனுப் போட்டு மன்றாடி அதை நீக்க வைத்தார்கள். வெள்ளையில் சிவப்புப் படிந்த கோஹாக்குவை 1889இல் ஹிரோய் குனிசோ நிலைப்படுத்தினார் என்று வழிவழியாகச் சொல்கிறார்கள். 1904இல் ஜெர்மனியிலிருந்து செதில் குறைந்த கண்ணாடிக் கெண்டை ஜப்பானுக்கு வந்து, அடுத்த சில ஆண்டுகளில் உள்நாட்டு நீலக் கெண்டையோடு கலந்து ஷூசுயி என்ற வகை பிறந்தது. (இந்த ஜெர்மன் வம்சம் நமக்கும் அந்நியமில்லை. 1939இல் இலங்கையிலிருந்து நீலகிரிக்குக் கொண்டுவந்து ஊட்டி ஏரியில் விட்டது இதே வகைக் கண்ணாடிக் கெண்டையைத்தான். ஜப்பானில் அது அலங்காரமானது, இங்கே குழம்புக்குப் போனது.) 1914இல் டோக்கியோவில் நடந்த தைஷோ கண்காட்சிக்கு மலைக்காரர்கள் தங்கள் மீன்களைக் கொண்டுபோனார்கள். அங்கே வெள்ளிப் பதக்கம் கிடைத்தது, சில மீன்கள் பட்டத்து இளவரசரின் அரண்மனைக் குளத்துக்குப் போயின. மூன்று நிறத் தைஷோ வகை 1917இலும் ஷோவா வகை 1927இலும் வந்தன.

ஆனால் அந்தச் சிவப்பு எங்கிருந்து வருகிறது என்று பார்த்தால் மறுப்பின் பலம் குறைந்துவிடும். சிவப்பு எங்கே படிய வேண்டும் என்பதைப் பரம்பரை முடிவுசெய்கிறது. எவ்வளவு ஆழமாகப் படிய வேண்டும் என்பதைத் தீனி முடிவுசெய்கிறது. கரோட்டினாய்டு நிறமிகளை எந்த மீனும் தன் உடம்பில் தானே உண்டாக்கிக்கொள்ள முடியாது. பாசியிலிருந்தும் பாசியைத் தின்னும் நுண்ணிய கூனி வகைகளிலிருந்தும்தான் பெற வேண்டும். அவை மண்டிக் கிடக்கும் இடம் சேற்றுக் குளம். குளிர் மாதங்களில் குளத்தை வற்றவிட்டு மண்ணை உறையவும் உலரவும் விடுகிறார்கள், சுண்ணாம்பும் கோழி எருவும் இடுகிறார்கள், தண்ணீர் கட்டுகிறார்கள். சில நாளில் டாப்னியா போன்ற நீர்த்தெள்ளுகள் பெருகும். அவை பெருகும் நாளும், மே, ஜூனில் பொரித்த குஞ்சு மஞ்சள்கரு தீர்ந்து வாய் திறக்கும் நாளும் ஒன்றாக அமைய வேண்டும். நாலு நாள் முந்தினாலும் பிந்தினாலும் அந்த வருடக் குஞ்சு பட்டினியில் அழியும். தெள்ளுப்பூச்சி குஞ்சைவிடப் பெரிதாகிவிட்டாலும் பயனில்லை. இந்தக் கணக்கைத் தவறவிட்டவர் எவ்வளவு உயர்ந்த தாய்மீன் வைத்திருந்தாலும் கண்காட்சிக்குக் கொண்டுபோக மீன் இருக்காது. அதோடு, வருடந்தோறும் குளத்தை வற்றவிடுவதில் இன்னொரு லாபமும் உண்டு: நங்கூரப் புழுவும் மீன் பேனும் அடுத்த தலைமுறைக்குத் தங்க இடமில்லாமல் போகின்றன. நிறத்துக்காகச் செய்த வேலையும் நலத்துக்காகச் செய்த வேலையும் அங்கே ஒரே வேலைதான்.

இதையெல்லாம் கனிவு என்று தவறாக எடுத்துக்கொள்ளக் கூடாது. ஒரு பெண் மீன் லட்சக்கணக்கில் முட்டையிடும். அதிலிருந்து பொரித்தவற்றைக் கோடையில் பல சுற்றாகக் கழிப்பார்கள். கோணல் உடம்பு, வெறும் வெள்ளை, மங்கிய நிறம் என்று கழித்துக் கழித்து, முடிவில் மிஞ்சுவது மிகச் சிறு பங்குதான். மீன் நலம் என்ற சொல்லை இவர்கள் வாயில் வைப்பதே பாசாங்கு என்று ஒருவர் சொன்னால் அதை முழுக்கத் தள்ளிவிட எனக்கு மனமில்லை. ஆனாலும் கழிப்பது நலத்துக்கு எதிரான வேலை மட்டும் இல்லை. குளத்தில் மீன் எண்ணிக்கையைக் குறைப்பதும் அதுவே. ஒரு குளம் தாங்கக்கூடிய மீனைவிடக் கூடுதலாக வைத்திருப்பதுதான் நோயின் முதல் காரணம். எதையும் கழிக்க மனம் வராமல் தொட்டி நிறைய மீனை நெருக்கும் நகரத்துப் பிரியர், கணக்குப் பார்த்தால், விவசாயியைவிட அதிக மீனைக் கொல்கிறார், மெதுவாக.

நகரத்துப் பிரியர் பெருகியது இரண்டாம் உலகப் போருக்குப் பின். போர்க்காலத்தில் அலங்கார மீன் ஆடம்பரமாகக் கருதப்பட்டது. தாய்மீன்கள் சில மலைக்குட்டைகளில் ஒளிந்து பிழைத்தன. பிறகு வந்த பிளாஸ்டிக் பையும் ஆக்சிஜன் உருளையும் விமானமும் தொழிலின் அளவையே மாற்றிவிட்டன. அதுவரை மரத்தொட்டியில் ஒரு பகல் தூரம் போன மீன் இப்போது கடல் தாண்டியது. 1970இல் அரசு நெல் சாகுபடிப் பரப்பைக் குறைக்கச் சொன்னபோது பல அடுக்கு வயல்கள் நிரந்தரமாகவே மீன் குளங்களாயின. நீகாட்டாக்காரரான பிரதமர் தனாக்கா ககுவேயின் டோக்கியோ வீட்டுக் குளமும் அதில் நீந்திய விலையுயர்ந்த கோய்களும் பத்திரிகைகளில் அடிபட்டன. ஊருக்கு ஊர் சிமென்ட் குளம் கட்டினார்கள். இங்கேதான் பழைய ஒழுங்கு உடைந்தது. மலையில் மீன் வருடத்துக்கு இரண்டு முறை, தெரிந்த நீரிலிருந்து தெரிந்த நீருக்கு, தெரிந்த மீன்களோடு போனது. இப்போது எந்த மாதத்திலும், தெரியாத நீருக்கு, தெரியாத மீன்களின் நடுவே போகிறது.

சிமென்ட் குளத்தில் சேறு செய்த வேலையைச் செய்ய ஒன்றுமில்லை. கெண்டை தன் கழிவைப் பெரும்பாலும் அமோனியாவாகச் செவுள் வழியே விடுகிறது. சேற்றிலும் பாசியிலும் அது உணவாகிவிடும். சிமென்டில் அப்படியே நிற்கும், வடிகட்டியில் நுண்ணுயிர்கள் குடியேறும் வரை. அதற்குச் சில வாரங்கள் ஆகும். புதுக் குளத்தில் மீன் சாவது அதிகம் இந்த வாரங்களில்தான். அதில் இன்னொரு சிக்கல், 25 பாகை நீரில் பி.எச். 7 ஆக இருக்கும்போது மொத்த அமோனியாவில் நச்சு வடிவம் ஒரு சதவீதம்கூட வராது. பி.எச். 9 ஆனால் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டிவிடும். புது சிமென்ட் பி.எச்.சை ஏற்றிவிடும் என்பதும் உண்மை. புதுத் தொட்டியில் வாழைத்தண்டை வெட்டிப் போட்டு ஊறவிட்டு, பலமுறை தண்ணீர் மாற்றி, பிறகே மீன் விடும் நம்மூர் வழக்கத்துக்குப் பின்னால் இருக்கும் வேதியியலும் இதுதான்.

1970களில் ஜப்பானியப் பண்ணைகளில் ஒரு விநோத நோய் தெரிந்தது. மழைக்காலத்தில் சேற்றுக் குளத்திலிருந்து சிமென்ட் தொட்டிக்கு மாற்றிய இளம் கோய்கள் ஓரிரு நாளில் தரையில் பக்கவாட்டில் படுத்துவிடும். குச்சியால் தொட்டால் எழுந்து கொஞ்சம் நீந்தும், மறுபடி படுக்கும், பிறகு சாகும். தூக்க நோய் என்றே அதற்குப் பெயர் வந்தது. அம்மை வகை வைரஸ் ஒன்று செவுளைத் தாக்குவது காரணம் என்பதை ஆய்வாளர்கள் பின்னர் காட்டினார்கள். வைத்தியமாக நிலைத்தது உப்பு: அரை சதவீத உப்புநீரில் சில நாள் வைத்திருந்தால் பெரும்பாலான மீன்கள் பிழைத்தன. உப்பு வைரஸைக் கொல்லவில்லை. நன்னீர் மீனின் இரத்தத்தில் ஏறத்தாழ 0.9 சதவீத உப்புக் கரைசலுக்கு ஈடான உப்பு இருக்கிறது. ஆகவே வெளிநீர் எந்நேரமும் உடம்புக்குள் ஊடுருவிக்கொண்டே இருக்கும். நலமான செவுளும் சிறுநீரகமும் அதை ஓயாமல் சமாளிக்கின்றன. செவுள் சிதைந்த மீன் ஊதிப்போய் ஓய்ந்துவிடுகிறது. வெளியே உப்பைக் கூட்டினால் அந்தப் பாரம் குறைகிறது, உடம்பு வைரஸோடு போராட நேரம் கிடைக்கிறது. என் வாதத்துக்கு இதில் முக்கியமானது நோய் வந்த நேரம்: வலை, நெருக்கடி, புதுத் தண்ணீர் மூன்றும் சேரும் நாள்.

அறிவியலைக் குறைத்துப் பேசுகிறேன் என்று நினைப்பவர்களுக்கு 2003ஐ நானே எடுத்துக் கொடுக்கிறேன், ஏனென்றால் அது என் வாதத்துக்குக் கடினமான சோதனை. 1998இல் இஸ்ரேலின் கெண்டைப் பண்ணைகளில் தோன்றிய கோய் ஹெர்ப்பிஸ் வைரஸ், 2003 இலையுதிர்காலத்தில் ஜப்பானின் இபராக்கி மாநிலத்துக் கசுமிகாவுரா ஏரியில் கூண்டுகளில் வளர்த்த உணவுக் கெண்டைகளிடம் தெரியவந்தது. ஆயிரம் டன்னுக்கு மேல் மீன் செத்தது. கண் உள்வாங்கி, செவுள் அழுகி, தோலில் கோழை திட்டுத்திட்டாக மாறி, சில நாளில் குளமே காலியாகிவிடும். ஆனால் இந்த நோய் பெரும்பாலும் 18 முதல் 28 பாகை வரையிலான நீரில்தான் வெளிப்படும். குளிர்நீரில் வைரஸைச் சுமக்கும் மீன் நலமான மீனைப் போலவே திரியும். துடுப்பு விரிந்திருக்கும், கைதட்டினால் வரும். எவ்வளவு கூர்ந்து பார்த்தாலும் கண்டுபிடிக்க முடியாது. தலைமுறை தலைமுறையாகக் கற்ற பார்வை இங்கே தோற்றது, ஆய்வகச் சோதனைதான் கைகொடுத்தது. இதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். ஆனால் சோதனைக்கூடத்தோடு சேர்ந்து பண்ணைகள் கைக்கொண்ட வழியைப் பாருங்கள்: வெளியிலிருந்து வந்த மீனை ஊர் மீனோடு உடனே கலக்காமல் தனித்தொட்டியில் வைப்பது, நீரைச் சூடேற்றி நோய் வெளிப்படும் வெப்பத்தில் சில வாரம் பார்ப்பது, கூடவே நோயற்றது என்று தெரிந்த ஒரு மீனை விட்டு அதற்கு என்ன ஆகிறது என்று கவனிப்பது. இது மீண்டும் வாசலில் காவல் நிற்பதுதான், இம்முறை கண்ணுக்குப் பதில் வெப்பமும் காலமும் காவல். இஸ்ரேலில் இளம் மீன்களுக்கு வேண்டுமென்றே நோய் கொடுத்து, நீரை முப்பது பாகைக்கு ஏற்றி, எதிர்ப்புச் சக்தி பெறச் செய்து விற்றார்கள். புத்திசாலித்தனமான வழி, ஆனால் அப்படிப் பிழைத்த மீன் வைரஸைச் சுமந்துகொண்டே இன்னொருவர் குளத்துக்குப் போகக்கூடும் என்பதால் வாங்குபவர் தலையில் ஆபத்தைக் கட்டும் வழியும் அதுவே.

அடுத்த ஆண்டே, 2004 அக்டோபர் 23 மாலையில், நீகாட்டாவின் சூயெட்சு பகுதி நிலநடுக்கத்தில் அந்த மலையே பெயர்ந்தது. சாலைகள் எல்லாம் அறுந்தன. யமகோஷியின் இரண்டாயிரத்துக்கு மேற்பட்ட மக்களையும் ஹெலிகாப்டரில் ஏற்றி நாகவோகாவுக்குக் கொண்டுபோனார்கள். மாதத்தைக் கவனிக்க வேண்டும். மீன்களை மேலே இருந்து கீழே இறக்கும் பருவம் அது. இன்னும் சேற்றில் இருந்தவை குளக்கரை உடைந்து தண்ணீரோடு போயின. கொட்டகைக்கு வந்தவை மின்சாரம் நின்று, மோட்டாரும் காற்றுக் குழாயும் நின்று, மூச்சு முட்டின. மிஞ்சிய தாய்மீன்களில் சிலவற்றைப் பின்னர் ஹெலிகாப்டரிலேயே வெளியே எடுத்தார்கள், ஊர்ச் சண்டைக் காளைகளை எடுத்ததுபோல. ஊருக்குத் திரும்பி வர 2007 வரை ஆயிற்று. எல்லோரும் திரும்பவில்லை. திரும்பியவர்கள் வீட்டோடு சேர்த்துக் குளத்தின் கரையையும் கட்ட வேண்டியிருந்தது, புது ஊற்று தேட வேண்டியிருந்தது. நீரோட்டம் மலைக்குள்ளேயே திசை மாறிவிட்டிருந்தது.

இத்தனை தொல்லைக்குப் பிறகும் சேறு எதற்கு என்று இன்றைய வளர்ப்பாளர் கேட்பார். வடிகட்டி, சூடேற்றி, நொடிக்கு நொடி ஆக்சிஜன் காட்டும் கருவி, பாசிப்பொடி கலந்த தீவனம் எல்லாம் இருக்கின்றன. சேற்றுக் குளத்தில் மீனைப் பார்க்க முடியாது, மருந்து போட முடியாது, கொக்கும் நாரையும் தூக்கிப்போகும், ஒட்டுண்ணியும் வரும். இவையெல்லாம் உண்மை. வருடம் முழுக்க உள்ளேயே வளர்க்கும் பண்ணைகளும் நன்றாகத்தான் நடக்கின்றன. ஆயினும் சந்தை தரும் சாட்சியம் மறுபக்கம் நிற்கிறது. 2018இல் ஹிரோஷிமாப் பண்ணை ஒன்றின் கோஹாக்கு ஏலத்தில் 20 கோடி யென்னுக்கு மேல் போனது. அப்படிப்பட்ட விலைகள் நடமாடும் இந்தத் தொழிலில், பெரிய தொகை கொடுத்து இளமீன் வாங்கும் வெளிநாட்டவர்களில் பலர் அதை உடனே வீட்டுக்குக் கொண்டுபோவதில்லை. வளர்த்தவரிடமே விட்டுவைத்து, கட்டணம் கட்டி, இன்னொரு கோடைக்குச் சேற்றுக் குளத்தில் இறக்கச் சொல்கிறார்கள். அங்கே மீன் செத்தால் நட்டம் பெரும்பாலும் வாங்கியவருக்குத்தான், அது தெரிந்தே கையெழுத்துப் போடுகிறார்கள். அவர்கள் வீட்டுக் குளத்தில் இருக்கும் கருவிகள் வளர்த்தவரின் கொட்டகையில் இருப்பதைவிடப் புதியவை. ஜூனில் இறங்கிய மீன் என்ன ஆயிற்று என்பது அக்டோபரில் மதகைத் திறக்கும் வரை இருவருக்குமே தெரியாது.